முதல் தடயம் தெருமுனை கிளினிக்கில்

1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது, வீட்டுக்குள் எலி செத்து விழுந்தாலே ஜனங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அந்தப் பயத்தில் கும்பிடத் தொடங்கிய பிளேக் மாரியம்மனுக்கு இந்த நகரத்தில் இன்றும் கோயில் இருக்கிறது.

கிருமியை ஒருவன் வேண்டுமென்றே பரப்பினால் அப்படி எலி விழாது, சத்தமும் புகையும் இருக்காது. இங்குள்ள நீலசந்திராவைப் போல சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள பகுதியில், சில நாள் கழித்துக் காய்ச்சலாகத்தான் அது வெளியே தெரியும். அதை முதலில் பார்ப்பவர் பக்கத்துத் தெரு டாக்டராகத்தான் இருப்பார்.

2001 அக்டோபரில் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. ஃப்ளோரிடாவில் ஒரு நோயாளியின் தண்டுவட நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர் லாரி புஷ், இது ஆந்த்ராக்ஸ் என்று சந்தேகித்து உடனே சுகாதாரத் துறைக்குச் சொன்னார். நம் ஊர் மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்று சொல்லும் அதே நோய். யாரோ தபாலில் அனுப்பிய ஆந்த்ராக்ஸ் பொடியால் 22 பேருக்கு நோய் கண்டது; 5 பேர் இறந்தார்கள். அதே அமெரிக்காவில் 1984-இல் ஆரிகனில் ரஜனீஷ் ஆசிரமத்தார் ஓட்டல் சாலட்டில் சால்மோனெல்லா கலந்து 751 பேரைப் படுக்க வைத்தார்கள். அது சதி என்று உறுதியாக ஒரு வருடம் ஆனது.

ஒரே கல்யாணத்துக்கோ ஓட்டலுக்கோ போன பலர் ஒரே சமயத்தில் படுப்பது, திடகாத்திரமான இளைஞர்கள் திடீரென மூச்சுத்திணறுவது, பருவத்துக்குச் சம்பந்தமில்லாத நோய், ஆடு மாடுகள் கொத்தாகச் சாவது: இவையெல்லாம் கவனிக்க வேண்டியவை. பெரும்பாலும் காரணம் இயற்கையாகவே இருக்கும். எதுவானாலும் உடனே தெரிவிப்பதுதான் முக்கியம்.

தபாலில் வந்த கவரிலிருந்து சந்தேகப்படும்படி பொடி கொட்டினால் உதறாதீர்கள், முகராதீர்கள், துடைக்காதீர்கள். இருந்த இடத்திலேயே வைத்து, ஃபேனை நிறுத்துங்கள். எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் போதாது, ஆந்த்ராக்ஸ் வித்துகள் அதில் சாகாது. உடுத்திய துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டுக் குளியுங்கள். அறையில் இருந்தவர்கள் பெயரை எழுதி வைத்து 112-ஐக் கூப்பிடுங்கள். ஆந்த்ராக்ஸ் ஆளிடமிருந்து ஆளுக்குச் சாதாரணமாகத் தொற்றாது; சீக்கிரம் ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் காப்பாற்றலாம்.

அதற்காக இப்போதே மாத்திரை வாங்கிப் பதுக்க வேண்டாம். 1994 சூரத் பிளேக்கின்போது டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்க ஜனங்கள் மருந்துக் கடைகளில் முண்டியடித்தார்கள். லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டே ஓடினார்கள். நாம் தயாராக வைத்திருக்க வேண்டியது அதைவிட எளிமையானது. காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகும்போது “மாத்திரை குடுங்க டாக்டர்” என்பதோடு நிறுத்தாமல், போன வாரம் எங்கே போனோம், என்ன சாப்பிட்டோம், கூட இருந்தவர்களில் இன்னும் யாருக்கு முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள்.