வாகனப் பட்டறைக்கான மிக் பற்றவைப்பு இயந்திரம்

மிக் பற்றவைப்பு இயந்திரம் என்பது, சுருளிலிருந்து தொடர்ந்து வரும் உலோகக் கம்பியை மின்வில்லில் உருக்கி உலோகத் துண்டுகளை இணைக்கும் கருவி ஆகும். உருகிய உலோகத்தைக் காற்று தாக்காதவாறு ஒரு வளிமம் மூடிக் காக்கிறது. ஆர்கான் போன்ற மந்த வளிமம் பயன்படும்போதே இதனை மிக் என்பது சரி. கரியமில வாயுவோ அது கலந்த வளிமமோ பயன்பட்டால் மாக் எனப்படும். எனினும் பட்டறைகளில் இரண்டும் மிக் என்றே வழங்குகின்றன, சி.ஓ.2 வெல்டிங் என்ற பெயரும் உண்டு. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் அலுமினியத்துக்காக உருவான இம்முறை, 1950களில் மலிவான கரியமில வாயு பயன்பாட்டுக்கு வந்தபின் எஃகு வேலைகளுக்குப் பரவியது.

தகட்டின் தடிப்பும் மின்னோட்டமும்

சிற்றுந்தின் உடற்தகடு பெரும்பாலும் 0.6 முதல் 1 மி.மீ. வரை தடிப்புடையது. 1 மி.மீ. மென்னெஃகுத் தகட்டுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியரும், 3 மி.மீ. தகட்டுக்கு ஏறத்தாழ 120 ஆம்பியரும் போதும். ஆகவே இயந்திரத்தின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் உச்ச அளவை விட, 30 ஆம்பியர் அளவில் வில் நிலையாக எரிகிறதா என்பதே முதலில் பார்க்கவேண்டியது. சில படிகள் மட்டுமே கொண்ட நிலைமாற்றி உடைய மலிவான இயந்திரங்களில், ஒரு படியில் தகடு பொத்துப்போகும். அதற்குக் கீழ்ப்படியில் கம்பி ஒட்டாது. மெல்லிய தகட்டுக்கு 0.6 மி.மீ. கம்பி ஏற்றது என்பதால், கம்பியை ஊட்டும் உருளையில் அதற்குரிய பள்ளம் இருக்கவேண்டும்.

வெப்பம் குறைந்தால் உலோகம் தகட்டின் மேல் குவிந்து நிற்குமேயன்றி ஊடுருவாது. சாணை பிடித்து வண்ணம் பூசிய பின் இக்குறை கண்ணுக்குப் புலப்படாது. கதவின் கீழ்ச்சட்டம், இருக்கைப் பட்டியின் பிடிமானம் ஆகிய இடங்களில் இத்தகைய இணைப்பு மோதலின்போதே பிரியும். எனவே வாங்குமுன், அதே தடிப்புள்ள இரு துண்டுகளை இணைத்து, குறட்டால் கிழித்துப் பார்ப்பது நல்லது. இணைப்பு விடாமல் தகடே கிழிந்தால் அது நல்ல இணைப்பு. புதிய ஊர்திகளின் தூண்களில் உள்ள மீவலிமை எஃகு வெப்பத்தால் வலிமை இழக்கும். அங்கு உற்பத்தியாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டையே பின்பற்றவேண்டும்.

மின் இணைப்பு

200 ஆம்பியர், 24 வோல்ட்டு வெளியீடு என்பது 4.8 கிலோவாட்டு. இழப்புகளையும் சேர்த்தால் உள்ளீடு 6 கிலோவாட்டை நெருங்கும். 230 வோல்ட்டு ஒருமுனை இணைப்பில் இது 26 ஆம்பியருக்குக் குறையாது. 16 ஆம்பியர் செருகுவாய் தருவதோ 3.7 கிலோவாட்டு மட்டுமே. தனிக் கம்பித்தடம் போடாத பட்டறையில் பெரிய இயந்திரத்துக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் வீணே.

பணிச்சுழற்சி 10 நிமிடத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 200 ஆம்பியரில் 20% என்றால் 2 நிமிடம் வேலை, 8 நிமிடம் ஓய்வு. பன்னாட்டுத் தரத்தில் இது 40 பாகை செல்சியசு வெப்பநிலைக்கு உரியது; குறைந்த வெப்பநிலையில் அளந்த எண்ணைத் தரும் விற்பனைத் தாள்களும் உள்ளன. உடற்தகட்டு வேலை புள்ளி புள்ளியாக நடப்பதால் சிறிய சுழற்சியே போதும். சரக்குந்தின் அடிச்சட்டம் வரும் பட்டறைக்குப் போதாது.

வளிமமும் கம்பியும்

ஏறத்தாழ 80% ஆர்கானும் 20% கரியமில வாயுவும் கொண்ட கலவை மெல்லிய தகட்டில் பொறி குறைவாகவும் கட்டுப்பாட்டுடனும் எரிகிறது. தனிக் கரியமில வாயு மலிவு. ஆனால் ஆழமாக ஊடுருவும், தெறிப்பும் மிகுதி. வளிமம் தேவைப்படாத, இளக்கி உள்ளிட்ட கம்பி காற்றோட்டமான வெளியிடத்துக்கு உதவும். அதற்கு முனைகளை மாற்ற வேண்டியிருப்பதால் இயந்திரத்தில் அவ்வசதி தேவை. உடற்தகட்டுக்கு அது பொருந்தாது. அலுமினியத்துக்குத் தூய ஆர்கானும், டெஃப்லான் உள்ளுறையும், யு வடிவப் பள்ளமுள்ள உருளையும் வேண்டும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

இன்வெர்ட்டர் வகை எடை குறைந்தது. ஆனால் அதன் விசிறி சாணைத்தூளை உள்ளிழுக்கும் என்பதால் சாணை பிடிக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்கவேண்டும். பற்றவைக்குமுன் ஊர்தியின் மின்கலத்தைக் கழற்றி, எர்த் கவ்வியை இணைப்புக்கு மிக அருகே பொருத்தவேண்டும். இல்லையெனில் மின்னோட்டம் தாங்கிகள் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலை உண்டாக்கும். ஓரத்துப் பூச்சை முதலில் தேய்த்து நீக்குவதும், காற்றோட்டமும் கட்டாயம்.