சாக நேரமில்லையாம் அவருக்கு!

பூட்டிய கொட்டகை திறந்தது என்றதும் ஓடியவர்களிலே நாமும் ஒருவர். 2021 ஆகஸ்ட் 23ஆம் நாள், பாதி இருக்கைக்கு மட்டும் ஆள் என்ற விதியோடு தமிழ்நாட்டுத் திரையரங்குகள் திறந்தன. அக்டோபரிலே ஒரு நாள், முகத்திலே கவசம், கையிலே சீட்டு, இருபுறமும் காலி இருக்கை - இந்தக் கோலத்திலே நாம் பார்த்த படம், ஜேம்ஸ் பாண்டின் 'நோ டைம் டு டை'. சாக நேரமில்லை என்று பொருளாம். அவருக்கு நேரமில்லை, ஆனால் நம் நேரத்திலே இரண்டு மணி நாற்பத்து மூன்று நிமிடத்தை எடுத்துக்கொண்டார்!

1962இல் வந்த முதல் பாண்ட் படமான 'டாக்டர் நோ' இரண்டு மணி நேரத்துக்குள் வில்லனைத் தீர்த்துக்கட்டி நம்மை வீட்டுக்கு அனுப்பியது. இந்த 25ஆவது படமோ, பெயர் எழுத்துக்கே இருபது நிமிடத்துக்கு மேல் காக்க வைக்கிறது. நீளத்துக்கு அஞ்சும் கூட்டமா நாம்? பாட்டும் கூத்துமாய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பழகியவர்கள்! ஆனால் நீளம் வேறு, இழுவை வேறு. இத்தாலியின் மதேரா நகரத்துக் கல்தெருவிலே கார் சுழன்று சுழன்று சுடும்போது நாம் இருக்கை நுனியிலே. கியூபாவிலே அனா டி அர்மாஸ் பட்டாசாய் வெடித்துவிட்டு, சில நிமிடத்திலே விடைபெறுகிறார். இருக்க வேண்டியவர் போகிறார். போக வேண்டிய வில்லன் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார்! மேடைப் பேச்சிலே ஊறிய நமக்கே கொட்டாவி வந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் நெஞ்சைத் தைத்தது. தொட்டால் தொற்றி, குறிவைத்த ஆளைக் கொல்லும் நுண்கருவிதான் கதையிலே ஆயுதம். கொரோனா வருமுன்பே எடுத்த படம்! மனைவியாக நினைத்தவளையும் பெற்ற மகளையும் இனித் தொடவே முடியாது என்று அறிந்து பாண்ட் தீவிலே தனித்து நிற்கும்போது, அரங்கம் அடங்கிப்போயிற்று. மருத்துவமனை வாசலிலேயே நின்று திரும்பியவர்கள் அந்த இருட்டிலே எத்தனை பேரோ!

2020 ஏப்ரலிலே வரவேண்டிய படத்தை மூன்று முறை தள்ளிவைத்தார்கள். 2020 அக்டோபரிலே, இரண்டாம் முறை தள்ளியதும், காட்டப் பெரிய படமில்லை என்று சினிவேர்ல்டு கம்பெனி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 663 அரங்குகளை மூடியது. வயிற்றிலே அடி விழுந்தது 45,000 தொழிலாளருக்கு. திரையிலே ஒற்றன் உலகத்தைக் காப்பாற்றுவான். சீட்டுக் கிழிப்பவனைக் காப்பாற்ற எந்த ஒற்றன் வருவான்?

நம் ஊர்க் கொட்டகையிலே சீட்டுக் கிழிக்கும் பெரியவரை வாசலிலே கேட்டோம்.

"பூட்டியிருந்தப்போ எப்படிண்ணே சமாளிச்சீங்க?"

"முதல் ரெண்டு மாசம் அரைச் சம்பளம் தம்பி. அப்புறம் அதுவும் இல்லே. 2020 நவம்பர்லே திறந்தாங்க, நிமிர்ந்தோம். அடுத்த ஏப்ரல்லே மறுபடி பூட்டிட்டாங்க. சென்ட்ரிங் வேலைக்குப் போனேன். இந்த வயசிலே பலகை தூக்க முடியலே."

"இப்போ படம் ஓடுதே, நிம்மதிதானே?"

"எங்கே தம்பி? இவ்வளவு நீளப் படத்தை வச்சுக்கிட்டு, காட்சிக்குக் காட்சி கூட்டித் துடைச்சு மருந்து அடிக்கணும். நாலு பேர் செஞ்ச வேலைக்கு இப்போ ரெண்டு பேர். மூச்சுவிட நேரமில்லே!"

சொல்லிக்கொண்டே மருந்துப் பீப்பாயை முதுகிலே மாட்டிக்கொண்டு உள்ளே போனார். வெளியே அடுத்த காட்சிக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.