மாஸ்ட் அணுக்கள் மிகும்போது

தோலிலும் குடற்சுவரிலும் இரத்தக் குழாய்களின் ஓரத்திலும் இருந்துகொண்டு, கிருமியோ விஷமோ புகுந்த மாத்திரத்தில் ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்களை உமிழ்ந்து தேகத்தை உஷார்ப்படுத்தும் மாஸ்ட் அணுக்களுக்கு, 1878-ஆம் ஆண்டில், பால் எர்லிக் என்ற ஜெர்மானியர், மருத்துவ மாணவராக இருந்தபோதே பெயரிட்டு அவற்றை விவரித்தார். இவ்வணுக்கள் அளவு மீறிப் பெருகித் திரளும் அபூர்வ வியாதியே மாஸ்டோசைட்டோசிஸ். குழந்தைகளிடத்தில் பெரும்பாலும் தோலோடு நின்று, வாலிபப் பருவத்துக்குள் தணிந்துவிடும் இந்நோய், பெரியவர்களிடத்தில் எலும்பு மஜ்ஜை வரையிலும் பரவுவதுண்டு.

தோலிலுள்ள பழுப்பு நிறப் புள்ளியொன்றை வைத்தியர் மழுங்கிய கோலால் சிலமுறை தேய்த்ததும், சில நிமிஷங்களில் அவ்விடம் சிவந்து தடித்து அரிக்குமானால், ‘டாரியர் குறி’ எனப்படும் அந்த அடையாளமே சந்தேகத்தை வலுப்படுத்திவிடும். ஆயினும் இரத்தத்தில், மாஸ்ட் அணுக்கள் வெளியிடும் டிரிப்டேஸ் என்ற நொதி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டியிருக்கிறதா, மஜ்ஜையில் மாஸ்ட் அணுக்கள் பதினைந்துக்குக் குறையாத கூட்டங்களாகத் திரண்டிருக்கின்றனவா, ‘கிட்’ மரபணுவில் டி816வி என்னும் மாறுதல் உண்டா என்றெல்லாம் சோதித்த பின்னரே நிபுணர்கள் நிச்சயம் கூறுவர்.

ஹிஸ்டமினை அடக்கும் மாத்திரைகள் அரிப்பையும் வயிற்றுக் கோளாறையும் தணிக்கும். குளவி கொட்டினாலும் பிராணாபாயம் நேரக்கூடுமாதலால், அட்ரினலின் ஊசி எப்போதும் கைவசம் இருத்தல் அவசியம். இமாட்டினிப் என்ற மருந்துக்கு டி816வி மாறுதல் பொதுவாகப் பணிவதில்லை. எனவே நோய் முற்றியவர்களுக்கென 2017-இல் மிடோஸ்டாரினும், 2021-இல் அவாப்ரிட்டினிபும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. மயக்க மருந்தும் சிலருக்கு இவ்வணுக்களைத் தூண்டக்கூடுமாகையால், எந்த அறுவைச் சிகிச்சைக்கும் முன்பே தமது வியாதியை மருத்துவரிடம் தெரிவித்துவிடுவது நோயாளியின் முதற் கடமையாகும்.