கொல்லைக் காய்கறியும் குடும்ப உணவும்

பால்மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் குறைகின்றது. அதனால் சம்பளமும் குறைகின்றது. கடைக் கடன் ஏறும் அந்நாள்களில் குடும்பத்திற்குக் கைகொடுப்பது வீட்டுக் கொல்லையே. 1974-ஆம் ஆண்டில் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது தொடங்கப்பட்ட பச்சைப் புத்தகத் திட்டமும் மக்கள் தத்தம் நிலத்தில் உணவுப் பயிர் வளர்ப்பதை ஊக்குவித்தது. ஆனால், பாடுபட்டு வளர்த்த காய்கறியின் சத்து அடுப்பங்கரையில் வீணாகிவிடுமாயின் பயன் என்ன?

முருங்கைக் கீரையும் முளைக்கீரையும் இரும்புச் சத்து உடையவை. சோகையால் களைத்துப்போகும் தாய்மார்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இச்சத்து இன்றியமையாதது. கீரையை முதலில் கழுவி, அதன் பின்னரே அரிதல் வேண்டும். அரிந்தபின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். பருப்பு நன்றாக வெந்தபின் கடைசியில் கீரையைச் சேர்த்து, ஐந்து நிமிடங்களில் இறக்கிவிடலாம். இறக்கியபின் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்தால், கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்கும். சிறிதளவு எண்ணெயில் தாளித்துக் கொட்டுவதும் நல்லதே. கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்து 'ஏ' உடலில் சேர்வதற்கு எண்ணெய் துணை செய்கின்றது. சோற்றோடு சேர்த்துத் தேநீர் அருந்தும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. தேநீர் இரும்புச் சத்தைத் தடுக்குமாதலால், உணவுக்குப்பின் ஒரு மணி நேரம் கழித்து அருந்துக.

மேற்கூறிய விதிகளுக்கு மாறானது மரவள்ளி. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், அரிசி கிடைக்காத குடும்பங்களுக்கு மரவள்ளியே சோறாயிற்று. ஆயினும் அதன் கிழங்கிலும் இலையிலும் சயனைடு என்னும் நஞ்சை உண்டாக்கும் பொருள் உள்ளது. ஆகவே, பச்சையாக ஒருபோதும் உண்ணலாகாது. பிள்ளைகள் தோண்டியெடுத்துக் கடிக்காதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். கிழங்கின் தோலைத் தடிப்பாக உரித்து, துண்டுகளாக்கி, நிறைய நீரில் நன்கு வேகவைத்து, அந்நீரை முழுவதும் கொட்டிவிடுக. கசக்கும் கிழங்கை ஒதுக்கிவிடுவதே அறிவுடைமை. இளந்தளிர்களையும் இடித்தோ பொடியாக அரிந்தோ, மூடாத பானையில் நன்கு வேகவைத்து, நீரை வடித்த பின்னரே தேங்காய்ப்பாலில் சமைக்க வேண்டும். மலாய் அண்டை வீட்டார் இத்தளிரைத் தேங்காய்ப்பாலும் நெத்திலியும் சேர்த்துச் சமைப்பது சுவையானது. மரவள்ளி உண்டபின் தலைசுற்றலோ வாந்தியோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாட்டு மருந்து தேடி நேரத்தைப் போக்கலாகாது.

மரவள்ளி வெறும் மாவுப்பொருளே. அதனை மட்டும் உண்டால் வயிறு நிறையுமேயன்றி உடல் வளராது. எனவே, அன்றைய உணவில் நெத்திலியோ பருப்போ முட்டையோ இருத்தல் வேண்டும். பயற்றங்காயை இரண்டங்குல நீளத்தில் நறுக்கி, தலை நீக்கிய நெத்திலியோடு வதக்கினால் ஒரு வேளைக் கறியாகும். முள்ளோடு உண்ணும் சிறு நெத்திலி எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் தரும். கத்தரிக்காயும் அதே நெத்திலியும் சேர்ந்த புளிக்குழம்பைச் சொல்லவே வேண்டியதில்லை!

ஓர் எச்சரிக்கை: களைக்கொல்லி தெளித்த பால்மர வரிசைகளின் ஓரத்தில் தானாக முளைத்த கீரையைப் பறித்தல் கூடாது, எத்துணைக் கழுவினாலும் அது நம்பத்தக்கதன்று.

வெயில் மிகுந்த நாள்களில் பாகற்காய் தேவைக்கு மேல் காய்க்குமாயின், வில்லைகளாக அரிந்து, உப்பு நீரில் ஒரு கொதி விட்டு, மோரில் ஓர் இரவு ஊறவைத்து, ஒடிக்கும்போது சட்டென முறியும் வரை வெயிலில் காயவிடுக. காற்றுப் புகாத டின்னில் வைத்தால், மழையால் பால்வெட்டு நிற்கும் மாதங்களில் இரசத்திற்குத் தொட்டுக்கொள்ள அவ்வற்றல் இருக்கும்.