மூளையைக் கேட்காமலே துடிக்கும் இதயம்! தெரியுமா?

இதயம் துடிக்க மூளையின் உத்தரவே தேவையில்லை, தெரியுமா? 'வேகமாக ஓடு, மெதுவாகப் போ' என்று நரம்பு வழியே மூளை சொல்லலாம். அதன் அதிகாரம் அவ்வளவுதான்! துடிப்பைக் கிளப்புவது வலது மேலறைச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் சைனஸ் கணு என்ற சின்னஞ்சிறு செல் கூட்டம். அங்கே பிறக்கும் மின்துடிப்புதான் ஒவ்வொரு 'லப்-டப்'புக்கும் மூலம். 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் இதை உலகுக்குச் சொன்னார்கள். ஃப்ளாக் கண்ணில் இது முதலில் பட்டது எதில் தெரியுமா? ஓர் அகழெலியின் இதயத்தில்!

அந்தக் கணுவைக்கூட விடுங்கள். இதயத் தசைச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஆய்வகத் தட்டில் வளர்த்தாலும் துடிக்கும்! தொடக்கத்தில் ஆளுக்கொரு தாளம். ஒன்றையொன்று தொட்டுவிட்டால் போதும், கும்மியில் கைகள் சேர்வதுபோல எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். கரு உண்டான 22ஆம் நாள் வாக்கில் தொடங்கும் ஆட்டம் இது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 துடிப்பு, 7,000 லிட்டர் ரத்தம். இத்தனையும் செய்யும் உறுப்பின் எடை சுமார் 300 கிராம்!

இப்படி உழைக்கும் செல்களுக்கு என்ன வயது? அதைச் சொன்னது அணுகுண்டு! நம்புங்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்துப் பார்த்த குண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏகமாகப் பெருகியது. வானில் குண்டு வெடித்துச் சோதிப்பதைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆண்டுக்காண்டு குறைந்தது. பயிரிலும் உணவிலும் ஏறி, அது நம் டி.என்.ஏ.வுக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் அது எவ்வளவு என்று அளந்தால், செல் பிறந்த காலம் தெரிந்துவிடும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஜோனாஸ் ஃப்ரிசன் குழு 2009இல் சொன்ன கணக்கு இது: 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீத இதயத் தசைச் செல்கள் புதிதாகின்றன, 75 வயதில் 0.45 சதவீதம்தான். மாரடைப்பில் செத்த தசை ஏன் திரும்ப வளர்வதில்லை என்பது இப்போது புரிகிறதா?

சரி, இதயத்தையே மாற்றினால்? 1967 டிசம்பர் 3, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். மனித இதயத்தை இன்னொரு மனிதருக்குள் முதன்முதலாக வைத்துத் தைத்தார் கிறிஸ்டியன் பர்னார்ட். நோயாளி 18 நாள் உயிரோடிருந்தார். அடுத்த பிப்ரவரியிலேயே மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் அதே சிகிச்சையைச் செய்துவிட்டார். நாம் ஏனோ அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அறுவையில் ரத்தக் குழாய்களை இணைப்பார்கள். வெட்டிய நரம்புகளை இணைப்பதில்லை! மூளையோடு தொடர்பே இல்லாத இதயம். ஆனாலும் துடிக்கும், தன் சைனஸ் கணுவைத் தன்னோடு கொண்டுவந்திருக்கிறதே! மூளையை நம்பியிருந்தால் இதய மாற்று என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. கடிவாளம் இல்லாததால் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 90, 100 என்று ஓடும். மாடிப்படி ஏறினால் உடனே வேகமெடுக்காது. அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பிறகுதான் சூடு பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விந்தை வேறு. பழைய அறுவை முறையில் நோயாளியின் சொந்த மேலறையில் ஒரு பகுதியை விட்டுவைப்பார்கள். பழைய கணு அதிலேயே இருக்கும். ஈ.சி.ஜி. எடுத்தால் இரண்டு கணுக்களின் அலைகளும் தனித்தனியே தெரியும்! பழையது போடும் உத்தரவு புது இதயத்துக்கு எட்டாது. அதற்கென்ன, அது தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டேயிருக்கும்!

உயிரோடிருப்பவர் தன் இதயத்தைத் தானம் தர முடியுமா? தந்திருக்கிறார்கள்! 1987இல் அமெரிக்காவின் பால்டிமோரில், நுரையீரல் கெட்டுப்போன ஒருவருக்கு இதயத்தையும் நுரையீரலையும் ஒரே தொகுப்பாக மாற்றினார்கள். அவருடைய நல்ல இதயம் சும்மா போவானேன்? இன்னொரு நோயாளிக்குப் பொருத்தினார்கள்!

எடுத்த இதயம் பனிக்கட்டிப் பெட்டியில் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். 2008 செப்டம்பரில், மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் இதயம் சென்னைப் போக்குவரத்தைப் பிளந்துகொண்டு 11 நிமிடத்தில் முகப்பேர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த நேரத்தில் சம்மதம் சொன்னவர்கள் அவன் பெற்றோர், இருவரும் மருத்துவர்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுக்கு வீடு பேச்சானது அதற்குப் பிறகுதான். உறுப்பு தந்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அரசும் அறிவித்தது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: தான அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், கடைசியில் சம்மதம் கேட்பது குடும்பத்தாரிடம்தான். விருப்பம் இருந்தால் இன்றைக்கே வீட்டில் சொல்லிவையுங்கள்.