கல்நார் கூரையை இறக்குவதற்கு முன்

ஓலை மாற்றி மாளவில்லை, மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன் எடுக்க வேண்டும், மாட்டுக்கொட்டகை ஒழுகக் கூடாது. எதுவானாலும் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக நம் கைக்கு எட்டியது ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்த சிமென்ட் ஷீட்தான். விலை குறைவு, கரையான் அரிக்காது, துருப்பிடிக்காது. வெயிலில் வேகும் என்பது தவிர அதன்மேல் யாருக்கும் பெரிய குறை இருந்ததில்லை. அந்த ஷீட்டுகளில் பலவற்றுக்கு இப்போது முப்பது, நாற்பது வயதாகிறது. தளம் போடுவதற்கென்றும் தகரத்துக்கு மாறுவதற்கென்றும் தெருவுக்குத் தெரு அவற்றை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை வருடம் தலைக்கு மேல் கிடந்தபோது இல்லாத ஆபத்து, இறக்கும் அந்த ஒரு நாளில் வந்துவிடுகிறது.

ஷீட்டுக்குள் இருப்பது

பழைய ஷீட் ஒன்றின் உடைந்த ஓரத்தைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். சாம்பல் நிறச் சிமென்டுக்கு நடுவே பஞ்சுப் பிரி போல வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கல்நார். பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் கனிமம். ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அது, மீதி பெரும்பாலும் சிமென்ட். இழை நீளவாக்கில் பிரிந்துகொண்டே போகும். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்து காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போனதை நுரையீரலின் துப்புரவு அணுக்களால் கரைக்கவும் முடியாது, முழுதாக வெளியேற்றவும் முடியாது. அங்கேயே தங்கிப் புண்ணையும் தழும்பையும் உண்டாக்கும். நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் ஆகியவை இதனால் வருபவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கல்நாரின் எல்லா வகைகளையும் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

தூசியைச் சுவாசித்த அன்று ஒன்றும் தெரியாது. தும்மல்கூட வராமல் போகலாம். நோய் தலைகாட்ட இருபது முதல் நாற்பது ஆண்டுகள், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். ஷீட்டை உடைத்தவருக்கும் அவர் நோய்க்கும் இடையே ஒரு தலைமுறை கடந்துவிடுவதால்தான் இதை நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆஸ்திரேலியா, ஜப்பான், பிரிட்டன் உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் வெட்டி எடுப்பது நின்றுவிட்டது. ஆனால் ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்து ஷீட் தயாரிப்பது தொடர்கிறது. கடையில் தாராளமாகக் கிடைக்கும் பொருளில் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது என்று மக்கள் நினைப்பதில் தவறே இல்லை. எச்சரிக்க வேண்டியவர்கள் எச்சரிக்கவில்லை.

நல்ல நிலையில் இருந்தால் தொட வேண்டாம்

உங்கள் வீட்டுக் கூரை ஷீட் என்பதற்காக இன்றைக்கே பதறி எடுக்க வேண்டியதில்லை. விரிசல் இல்லாமல், ஓரம் உதிராமல், மேற்பரப்பு கெட்டியாக இருக்கும் ஷீட்டில் இழைகளைச் சிமென்ட் பிடித்து வைத்திருக்கும். அதற்குக் கீழே குடியிருப்பதால் வரும் ஆபத்து மிகக் குறைவு. அந்தப் பிடியைத் தளர்த்தும் காரியம் எதையும் செய்யாமல் இருந்தால் போதும்.

டிஷ் ஆண்டெனா மாட்டத் துளை போடுவது, பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, ஓரத்தைக் கட்டிங் மெஷினில் அறுப்பது எல்லாம் இழையைக் கிளப்பும் வேலைகள். கட்டிங் மெஷின்தான் இருப்பதிலேயே மோசம். சில நொடிகளில் தெருவையே மூடும் தூசியை எழுப்பிவிடும். வெயிலுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பது நல்லது, மேற்பரப்பை மூடவும் செய்யும். ஆனால் பெயின்ட் அடிக்க வருபவர் முதலில் ஷீட்டைச் சுரண்டுவார், அல்லது பிரஷர் பம்பு வைத்துக் கழுவுவார். வேலை பேசும்போதே அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு இந்தக் கூரைத் தண்ணீர் போகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கல்நார் கெடுதல் செய்வது முக்கியமாக மூச்சுவழியில்தான்; குடிநீர்வழியில் கெடுதல் செய்வதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. கூரை ஓரத்துக் குழாயில் படியும் சகதியைக் காயவிட்டுக் கூட்டாமல், ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிடுங்கள்.

இறக்கும் நாள்

வழக்கமாக எப்படி நடக்கிறது? கொத்தனார் மேலே ஏறிச் சம்மட்டியால் நாலு தட்டு தட்டுகிறார். ஷீட் கீழே விழுந்து நொறுங்குகிறது. சித்தாள் அக்கா அதைக் கூடையில் அள்ளிக் கொட்டிவிட்டு, மிச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டுகிறார். முகத்தில் முந்தானை. பக்கத்திலேயே பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு மிச்சமானது அரை நாள் கூலி. நினைத்தாலே மனம் பதைக்கிறது.

உடைக்காமல் இறக்க நேரமும் கூலியும் கூடுதலாக ஆகும். அதைக் கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். முதலில் பாத்திரம், துணி, பாய், குழந்தைகள், வயதானவர்கள் எல்லாரையும் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அண்டை வீட்டில் சொல்லி ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள். காற்று வீசும் நாளானால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஷீட்டின் மேல் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்தால் நன்றாக ஊறும். ஆனால் நனைந்த ஷீட் வழுக்கும். காய்ந்த ஷீட்டே ஆள் எடையைத் தாங்காது; கால் வைத்த இடத்தில் பொத்துக்கொண்டு கீழே விழுந்து உயிர் போனவர்கள் ஏராளம். கல்நார் நாற்பது வருடம் கழித்துச் செய்வதை இந்த விழுகை அன்றைக்கே செய்துவிடும். ஷீட்டில் யாரும் ஏறக் கூடாது. உள்பக்கம் சாரம் கட்டி நின்றோ, இரும்புச் சட்டங்களின் மேல் பலகை போட்டோ வேலை பார்க்க வேண்டும்.

ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகளின் நட்டைக் கழற்றுங்கள். துருவேறிக் கழலாவிட்டால் போல்ட்டைத்தான் அறுக்க வேண்டும், ஷீட்டை உடைக்கக் கூடாது. ஒவ்வொரு ஷீட்டையும் இரண்டு பேர் பிடித்துக் கைமாற்றி முழுசாக இறக்க வேண்டும். மேலிருந்து போடக் கூடாது.

துண்டும் கைக்குட்டையும் இந்த இழைக்கு ஒரு தடையே அல்ல, மருத்துவமனை முகக்கவசமும் அப்படியே. பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும். பாதுகாப்புச் சாதனக் கடைகளில் கேட்டு வாங்கலாம். முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால்தான் பயன், அடர்ந்த தாடி இருந்தால் பொருந்தாது. வேலை முடிந்ததும் தரையை ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் கழிவோடு கட்டிவிடுங்கள். துடைப்பம் வேண்டாம், வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம். அதன் பை இந்த இழையைப் பிடிக்காது, திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

வேலைத் துணியை உதறி வீட்டுத் துணியோடு ஊறவைக்கக் கூடாது. கல்நார் ஆலைப் பக்கமே போகாத, கணவரின் வேலைத் துணியைத் துவைத்துவந்த பெண்களுக்கு மீசோதீலியோமா வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வேலையாட்கள் பழைய சட்டை, கைலி கட்டிக்கொண்டு வந்து, முடிந்ததும் அங்கேயே கழற்றிக் கழிவோடு சேர்த்துவிட்டு, குளித்துவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது. அவர்கள் குளிக்கத் தண்ணீரும், போட்டுக்கொள்ள மாற்றுத் துணியும் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும்.

புயலுக்கு மறுநாள்

2018 நவம்பரில் கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் அடித்தபோது ஷீட்டுகள் காகிதம் போலப் பறந்து நொறுங்கின. அப்படி நொறுங்கிய சில்லுகளைப் பள்ளத்தில் கொட்டி மிதித்துச் சமன் செய்வது நம் வழக்கம். அதன் மேல் வண்டி ஏறி ஏறி அது மாவாகும், கோடையில் கிளம்பும். மழை ஈரம் காய்வதற்குள் பெரிய துண்டுகளைக் கையுறை போட்டு எடுத்துக் கட்டிவிடுங்கள். பிள்ளைகள் சில்லில் கோடு கிழித்து விளையாடுவதையும், வெடிக்கிறது என்று நெருப்பில் போடுவதையும் கண்டால் தடுத்துவிடுங்கள்.

எங்கே போடுவது

200 மைக்ரான் பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, “கல்நார், உடைக்காதீர்” என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். அடுத்து அதைத் தொடப்போகும் துப்புரவுப் பணியாளருக்குத் தெரிய வேண்டும். பிறகு நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்திலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்துமூலம் கேளுங்கள். ஆலைகளின் அபாயக் கழிவுக்கென இருக்கும் ஏற்பாடு ஒற்றை வீட்டுக்காரருக்கு எளிதில் எட்டுவதில்லை. இது பெரிய குறை. நாலு பேர் எழுதிக் கேட்டால்தான் வழி பிறக்கும். பழைய சாமான் கடைக்கோ, கோழிக்கூண்டு போட வேண்டும் என்று கேட்பவருக்கோ உடைந்த ஷீட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

எப்போதோ ஒரு நாள் ஷீட் உடைத்தோமே என்று பயந்து தூக்கம் கெட வேண்டாம். எவ்வளவு தூசி, எத்தனை காலம் என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடும். வருடக்கணக்கில் ஷீட் அறுத்தவர், கூரை வேலை பார்த்தவர், ஆலையில் இருந்தவர் மூச்சிரைப்புக்கோ ஓயாத இருமலுக்கோ மருத்துவரிடம் போனால், “நான் ஷீட் வேலை பார்த்தவன்” என்று தாமாகவே சொல்ல வேண்டும். மருத்துவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். புகைப்பவர் உடனே நிறுத்தட்டும். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.

கல்நார் ஆலைத் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கூரை உடைக்கும் தினக்கூலிக்கு அப்படி ஒரு பதிவேடும் இல்லை. அவர் எந்தெந்த வீட்டில், எந்த ஆண்டில் வேலை பார்த்தார் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவருக்கு அது உதவும்.