கை அரிச்சா உடனே ட்யூப் வாங்காதீங்க

2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கமிருந்து கலந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துல படிஞ்சது நினைவிருக்கும். மீனவர்கள் பலர் அதை வெறுங்கையால அள்ளினாங்க. அரிப்பு, எரிச்சல்னு சொன்னவங்க நிறைய பேர். இப்படி ஒரு பொருள் பட்டுத் தோல் சிவந்து, வெடிச்சு, அரிக்கிறது 'கான்டாக்ட் டெர்மடைடிஸ்'. எக்ஸிமா வகைதான். வீட்ல கரப்பான்னு சொல்வாங்க.

தோலோட மேல் அடுக்கை ஒரு செங்கல் சுவரா நினைச்சுக்கோங்க. செல்கள்தான் செங்கல், நடுவுல இருக்கிற கொழுப்புதான் பூச்சு. மண்ணெண்ணெய், தின்னர், சோப்புத்தூள் எல்லாம் அந்தப் பூச்சைக் கரைச்சிடும். உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகும், வெளிய இருக்கிற ரசாயனம் உள்ள வரும். சிலருக்குப் பிறவியிலேயே இந்தச் சுவர் கொஞ்சம் வீக். குடும்பத்துல ஆஸ்துமா இருந்தா வாய்ப்பு அதிகம்.

அதனால கையில கிரீஸோ ஆயிலோ ஒட்டினா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீங்க. தேங்காய் எண்ணெய் தடவித் துடைச்சிட்டு, மென்மையான சோப்புல கழுவுங்க. ஈரம் முழுசா காயறதுக்குள்ள வாசலின் மாதிரி வாசனை இல்லாத களிம்பைத் தடவுங்க. அரிப்பு அடங்கின பிறகும் தினமும் தடவணும். பலர் விட்டுடறது இங்கதான்.

மெடிக்கல் ஷாப்புல 'அரிப்புக்கு ஒரு ட்யூப்'னு கேட்டா, பெரும்பாலும் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூணும் கலந்த க்ரீம்தான் கைக்கு வரும். 2018-லயே பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு விதி வந்தாச்சு. யார் கேக்கறாங்க? வட்டமா, ஓரம் தடிச்சு வந்தா அது படர்தாமரையா இருக்கலாம். அதுல ஸ்டீராய்டு தடவினா ரெண்டு நாள் அடங்கி, அப்புறம் பரவும். நிஜமான எக்ஸிமாவுக்கு ஸ்டீராய்டு நல்ல மருந்துதான், பயப்பட வேண்டாம். ஆனா எந்த வலிமை, எத்தனை நாள்னு டாக்டர் சொல்லணும். அளவுக்கு ஒரு கணக்கு: ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினா சுமார் அரை கிராம். ரெண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும்.

கருவாடு, கத்தரிக்காயை நிறுத்தச் சொல்வாங்க. பெரும்பாலான பெரியவங்களுக்குக் காரணம் சாப்பாடு இல்ல.

நம்ம வொர்க்‌ஷாப் கூலன்ட்டும் இதே வேலையைச் செய்யும். அதுக்காக ஓடற லேத்துல கையுறை போடாதீங்க, கையே போயிடும். மெஷினை நிறுத்தின பிறகு கழுவித் தடவுறதுதான் வழி. புண்ணுல மஞ்சளா நீர் கசிஞ்சாலோ, காய்ச்சல் வந்தாலோ தள்ளிப் போடாம ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போயிடுங்க.